மறு: பாலைநிலப் பல்லிக் கட்டுரை – ‘ஈரப்பதம்’ போதுமா? ‘நீர்ப்பற்று’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

> ஹ்யூமிடிட்டி, மாய்ஸ்சர் இரண்டுக்கும் ‘ஈரப்பதம்’ என்றே போட்டுவிடலாம். தலைப்பும் அப்படியே இருக்கட்டும்.

போதாது என்பதே என் கட்சி. வேறு கட்டுரையாக இருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். நம் பல்லிக் கட்டுரையின் வரைவில் ‘ஈரப்பதம்’ என்ற ஒரே சொல்லை மழை, காற்று, மண் என மூன்று வேலைக்கு அனுப்பியிருக்கிறோம்.

முதலில் மழை. அமெரிக்காவின் மோகாவே பாலையில் குளிர்கால மழை நன்றாகப் பெய்த ஆண்டில் உட்டா என்ற சிறு பல்லி கூடுதல் தடவை முட்டையிடுகிறது. அங்கே ஈரம் பல்லியை நேரே தொடுவதுகூட இல்லை. மழையில் செடி முளைத்து, செடியால் பூச்சி பெருகி, பூச்சியைத் தின்றுதான் பல்லிக்கு முட்டை வைக்கத் தெம்பு வருகிறது. அதே வட்டாரத்துச் சக்வாலா என்ற பெரிய பல்லி இலைதின்னி. அதற்குச் சோறும் தண்ணீரும் ஒரே இலைதான். கடும் வறட்சி ஆண்டில் பெண் சக்வாலாக்கள் முட்டையிடாமலே விடுவதுண்டு. இந்த இடங்களில் ‘மழை’, ‘இரையில் உள்ள நீர்’ என்று எழுதினால் முடிந்தது. கலைச்சொல்லே வேண்டாம்.

அடுத்தது வளைக்குள் இருக்கும் காற்று. அது வெளிக்காற்றைப்போல வறண்டதல்ல, அதனால் மூச்சிலும் தோலிலும் போகும் நீர் குறைகிறது. இதற்கு வானிலை அறிக்கையின் ‘ஈரப்பதம்’ கச்சிதம்.

சிக்கல் மண்ணில்தான். பெரும்பாலான பல்லிகளின் முட்டைக்குக் கோழிமுட்டை போல விறைத்த ஓடு கிடையாது. தோல் மாதிரி நெகிழும். மண்ணுக்குள் கிடந்தபடியே நீரை உறிஞ்சிப் பருக்கும். சில இனங்களில் இட்டபோது இருந்த எடை இருமடங்கையும் தாண்டிவிடும். மண் மிகவும் காய்ந்திருந்தால் கதை தலைகீழ்: மண் முட்டையிலிருந்து நீரை இழுக்கும், முட்டை சுருங்கும், தப்பிப் பொரிக்கும் குஞ்சும் பல இனங்களில் சிறுத்தே வரும். (கடின ஓட்டு முட்டையிடும் மரப்பல்லி வகைகள் இந்த வழக்கில் சேரா.)

இந்த இடத்தில் ‘மண்ணின் ஈரப்பதம் 10 விழுக்காடு’ என்று எழுதி என்ன பயன்? அவ்வளவு நீருள்ள மணல் முட்டைக்குத் தாராளமாகக் கொடுக்கும். அதே 10 விழுக்காடு நீர் உள்ள களிமண் வெறும் கட்டி, உள்ளதை விடாது. எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட அதை மண் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதே முட்டையின் கவலை. ஆய்வாளர்கள் வாட்டர் பொட்டென்ஷியல் என்று கிலோபாஸ்கலில் (அழுத்தத்தின் அலகு) அளப்பது இதைத்தான். தூய நீருக்கு 0. மண் காயக்காய எதிர்ம எண்ணில் இறங்கும். −1500 என்பது செடிகள் வாடி மீளாத எல்லையாக வழக்கமாகக் கொள்ளப்படுவது.

வரைவில் இதற்கு ‘நீர் நிலையாற்றல்’ என்று இருக்கிறது. பிழையில்லை. ஆனால் படித்தவுடன் எனக்கு அணைக்கட்டும் மின்நிலையமும்தான் கண்ணில் வந்தன. ‘நீர்ப்பற்று’ என்று வைக்கலாமா? மண்ணுக்கு நீர்மேல் உள்ள பற்று.

*

> மண்ணுக்கு நீர்மேல் உள்ள பற்று

காதுக்கு நன்றாக இருக்கிறது, ஐயா. இரண்டு இடத்தில் உதைக்கிறது. பற்று கூடக்கூட எண் கீழே போகிறதே, மாணவர் குழம்பமாட்டாரா? வேதியியலில் நீரை நாடும் மூலக்கூறுகளுக்கு ‘நீர்நாட்டம்’, ‘நீர்விருப்பு’ என்றெல்லாம் எழுதுகிறோம். பற்று அவற்றுக்குப் பங்காளி போல வந்து நிற்கிறது.

இன்னொன்று. ஈரப்பதத்தைக் காற்றுக்கு எழுதிக்கொடுத்தது எந்த நியாயம்? பதம் பார்த்து உழுவது மண்ணைத்தானே!

*

பதம் மண்ணின் சொத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்று அதை நெடுங்காலமாக அனுபவித்துவருகிறது. மீட்கப் போனால் வழக்கு நம் காலத்தில் முடியாது. மண்ணில் உள்ள நீரின் அளவுக்கு ‘மண்ணீரம்’ என்று வைத்துக்கொள்வோம்.

எதிர்மக் குறிக்கு விளையாட்டாக ஒரு பதில்: கடைக்கணக்கில் பற்று என்றாலே கடன்தான், கழித்தல் குறி அதற்குப் பொருந்தாதா? வினையாகச் சொன்னால், குறியை நீக்கிய அளவுக்கு மட்டும் நீர்ப்பற்று என்போம். ‘நீர்ப்பற்று 900 கிலோபாஸ்கல்’ என்றால் மண் அவ்வளவு வலுவாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். குறி தேவைப்படும் சமன்பாட்டில் நீர் நிலையாற்றலே இருக்கட்டும். பங்காளிக் குழப்பத்துக்கு என்னிடம் மருந்தில்லை. ‘நீர்ப்பிடிப்பு’ என்று மாற்றிப் பார்த்தேன். அது அணையின் மேற்புறத்து நிலத்துக்குப் போய்விட்ட சொல்.

கடைசிப் பத்தியில் ஒரு திருத்தம். ஆஸ்திரேலிய முள்ளோணான் ‘தோலால் நீர் குடிக்கிறது’ என்பதை எடுத்துவிட வேண்டும். ஈரமணலில் நின்றால் செதில்களுக்கு இடையிலுள்ள நுண்புழைகள் நீரை வாய்வரை ஏற்றுகின்றன. அது வாயால்தான் விழுங்குகிறது. தோல் வெறும் வாய்க்கால்.

டெக்சஸ் கொம்புப் பல்லி மழையில் முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, மேலே விழும் நீரை வாய்க்கு ஓடவிடுகிறது. அதை ‘மழை அறுவடை’ என்று எழுதியிருக்கிறோம். விதைக்காத பல்லிக்கு ஏது அறுவடை? ‘மழையேந்தல்’ எனலாம். ஏந்தலுக்கு மழைநீர் தேங்கும் சிறு ஏரி என்றும் பொருள் உண்டு என்பதால் எனக்கு இது கூடுதலாகப் பிடிக்கிறது. மறுப்பிருந்தால் எழுதுங்கள். அதற்குள் மண்ணீரம், நீர்ப்பற்று இரண்டையும் வரைவில் மாற்றி அனுப்புகிறேன்.