புதுப்பிப்பு: தமிழ்ப் பெயர் ஒப்பீடு – தீர்வு கிடைத்தது

ஊர் நூலக உறுப்பினர் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருப்பதை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

லெவன்ஸ்டைன் இடைவெளி மட்டும் போதவில்லை. ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை எழுத்துக் குறியீடுகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கைதான் அது. கயல்விழி–கயல்விளி இடைவெளி 1. மாலா–மாயா இடைவெளியும் 1. முதல் ஜோடி ஒரே ஆள், அடுத்தது இருவர். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களுக்கு ஒரே குறியீடு தரும் முறை சவுண்டெக்ஸ்; 1918இல் காப்புரிமை பெற்ற அது ஆங்கில ஒலிகளுக்கானது, தமிழ் எழுத்துக்கு அப்படியே பொருந்தாது.

கைகொடுத்தது, “ஒலி நெருங்கிய எழுத்துகளை முதலில் ஒன்றாக்குங்கள்” என்ற யோசனைதான். ல, ள, ழ ஒரு குழு. ர, ற ஒன்று. ந, ன, ண ஒன்று. அதன்பின் இடைவெளி 0 என்றால் ஒரே ஆளாக இருக்கலாம். நீளமான பெயர்களுக்கு மட்டும் இடைவெளி 1 வரை அனுமதித்தேன்.

எதிர்பாராதது: கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்த இரண்டு ‘கோமதி’க்கு இடைவெளி 2 வந்தது! கணினியில் ஒன்றில் ‘ோ’ ஒரே குறியீடு, மற்றதில் ‘ே’, ‘ா’ என இரண்டு. ஒப்பிடும் முன் யூனிகோடு என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றினால் சரியாகிவிடும். இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

வள்ளியும் வல்லியும் இப்போது ஒன்றாகிவிடுகின்றன. அதனால் தந்தை பெயரும் பொருந்தினால்தான் இணைக்கிறேன்.