பையில் இடமில்லாமல் விட்டுவந்த பொருள்: உங்கள் அனுபவம்?

#1
ஸ்கைரிம் கேம். 300 எடைதான் சுமக்கலாம் என்ற கணக்கை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பனிமலைச் சரிவில் டிராகன் விழுந்தபோது என் சுமை 294. ஒரு எலும்பு 15. எடுத்தால் 309, அப்புறம் ஓட முடியாது, ஃபாஸ்ட் ட்ராவலும் (வரைபடத்தில் தொட்ட இடத்துக்கு நொடியில் போவது) கிடையாது. பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன். இரும்பு வாள், எடை 9. ரிவர்வுட் கிராமத்து உலைக்களத்தில் நான் முதன்முதலில் அடித்த வாள் அது. அதை எடுத்துச் சண்டை போட்டு வெகுநாள் ஆகிவிட்டது, ஆனாலும் விற்க மனம் வந்ததில்லை. கீழே போட்டால் கணக்கு சரியாக 300. போட்டேன். விழுந்த இடத்தில் அது நிற்கவில்லை. பனியில் சறுக்கி, ஒரு பாறையில் இடித்துத் திரும்பி, விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. எலும்பை என்ன செய்தேன் என்றுகூட ஞாபகமில்லை. வாள் சறுக்கியது மட்டும் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

#2
எடை என்றால் கூட்டிக் கழித்துச் சமாளிக்கலாம். டயாப்லோ 2 கேமில் பை முழுக்கக் கட்டம். 10-க்கு 4, மொத்தம் 40. பொருள்களைக் கலந்து மாற்றும் கியூபுக்கு 4 போனது, மிச்சத்தில் பாதியைப் பையில் இருந்தாலே பலன் தரும் சார்ம்கள் அடைத்துக்கொண்டன. நாலு பேராக ஆடும்போது அபூர்வப் பொருள் என்று காட்டும் தங்க நிற எழுத்தில் ஒரு கவசம் விழுந்தது. இன்வென்டரியைத் திறந்துவைத்துக்கொண்டு எடுத்தேன், மவுஸ் முனையில் தொங்கியது. காலிக் கட்டம் 7, கவசத்துக்கு வேண்டியது 6. ஆனால் காலி இடம் ஒன்று இங்கே, இரண்டு அங்கே என்று சிதறிக் கிடந்தது. ஒதுக்குவதற்காகக் கவசத்தைத் தரையில் வைத்தேன். இரண்டு சார்மை நகர்த்திவிட்டுப் பார்த்தால் தரை வெறுமை. யார் எடுத்தது என்று கேட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை. அது என்ன கவசம் என்றே எனக்குத் தெரியாது, அடையாளம் காணாத பொருள். அதுதான் உறுத்துகிறது.

#3
#1, வாளைப் போட்டிருக்கவே வேண்டாம். நான் ஒருமுறை விடுதிப் பீப்பாயில் ஒரு மூட்டை ரத்தினம் வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்தபோது இரண்டு முட்டைக்கோஸ்தான் இருந்தது. அன்றிலிருந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன், கேளுங்கள். நாம் போய் கேமுக்குள் 10 நாள் கழிந்தால் இடம் பழையபடி ஆகிவிடும், முழுதாக முடித்த குகை என்றால் 30 நாள். பொதுப் பெட்டி எதையும் நம்பாதீர்கள், சொந்த வீட்டுப் பெட்டியில் மட்டும் வையுங்கள். லெவல் ஏறும்போது ஸ்டாமினா (உடல் தெம்பு) எடுத்தால் ஒவ்வொரு முறையும் சுமை 5 கூடும். ஸ்டீட் ஸ்டோன் என்ற மந்திரக் கல்லைத் தொட்டால் 100 கூடும், அணிந்திருக்கும் கவசத்தின் எடையும் கணக்கில் வராது. குதிரை மேல் ஏறிவிட்டால் சுமை மிஞ்சினாலும் ஃபாஸ்ட் ட்ராவல் உண்டு. துணையாள் பை நிறைந்துவிட்டதா? பொருளைத் தரையில் போட்டு, எடுக்கச் சொல்லிக் கட்டளையிடுங்கள், எடுத்துக்கொள்வார். வீடு திரும்பியதும் வகை பிரித்து வைக்கும் பழக்கம் ரொம்ப முக்கியம்: மூலிகை ஒரு பெட்டி, உலோகம் ஒரு பெட்டி.

#4
#3 சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் #1 கேட்டது அதுவா? நூறு எடை கூடக் கிடைத்தாலும் அந்தப் பையும் ஒருநாள் 300 மாதிரியே நிறையும், எதையாவது போட வேண்டிவரும்.

என்னுடையது முதல் பால்டர்ஸ் கேட், 1998-இல் வந்தது. ஆறு பேர் குழு, ஆளுக்கு 16 இடம். காயம் ஆற்றும் ஹீலிங் போஷன்களை எல்லாம் குழுவில் இருந்த இமோயெனிடம் கொடுத்து வைத்திருந்தேன். பெரிய சண்டைக்கு ஆகும் என்று ஒன்றைக்கூடக் குடிக்கவிடவில்லை. ஒரே அடியில் அவள் உடல் சிதறியது. அந்த மாதிரி போனால் கோயிலுக்குக் கொண்டுபோய் எழுப்பவும் வழியில்லை. சுமந்ததெல்லாம் தரையில் கொட்டியது. மற்ற ஐந்து பேர் பையும் நிறைந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து, விற்றால் காசு வரும் என்று அவர்கள் வைத்திருந்த வாள், கேடயம் எல்லாவற்றையும் எறிந்துவிட்டு போஷன்களை எடுத்தேன். குப்பி குப்பியாக, ஒன்றுகூடத் திறக்காமல்.