நிறத்தை நம்பி ஏமாந்தேன்

(ஒயினில் ஏமாந்த மூவர் ஒருவர்பின் ஒருவராகச் சொல்வது.)

சிவப்பு ஒயின் என்றால் கனம், வெள்ளை என்றால் லேசு என்று பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். அதை முதலில் உடைத்தது பரோலோ. இத்தாலியின் பியட்மான்ட்டில் நெபியோலோ திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின். கோப்பையில் வெளிறிய செங்கல் நிறம். பின்னால் பிடித்த விரல் தெரிந்தது. இது என்ன செய்துவிடப் போகிறது என்று வாய் நிறைய விட்டுக்கொண்டேன். ரோஜாவும் தாரும் கலந்த மணம். அடுத்த நொடி ஈறுகளும் கன்னத்தின் உட்புறமும் இறுகிக்கொண்டன. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின், எச்சிலின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வரும் உலர்ச்சி அது. நமக்குத் துவர்ப்பு என்று ஒரு சொல் போதும்.

பிறகு ஒரு நண்பர் கறுப்புக் கண்ணாடிக் கோப்பையில் எதையோ ஊற்றித் தந்தார். குளிரூட்டாதது. வெண்ணெய், வனிலா, நாக்கில் நல்ல பாரம். சிவப்பு என்று சத்தியமே செய்தேன். ஓக் பீப்பாயில் வளர்ந்த ஷார்டொனே என்ற வெள்ளை ஒயின்! 2001இல் வெளியான, பிரான்சின் போர்டோ நகர ஆய்வு ஒன்றில், சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை 54 பேர் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்திருக்கிறார்கள் என்று படித்தபோதுதான் மனம் ஆறியது.

*

நீங்களாவது நிறத்தில் ஏமாந்தீர்கள், நான் மூக்கில். ஜெர்மனியின் மோசெல் பகுதியில் செய்யும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், வயதேறியது, திறந்ததும் பெட்ரோல் வாடை. கெட்டுவிட்டது என்று பாதிப் புட்டியைக் கொட்டிவிட்டேன். பழைய ரீஸ்லிங்குக்கு அது இயல்பான மணம் என்று மறுநாள்தான் தெரிந்தது. மீதியில் தேன், எலுமிச்சைத் தோல், கத்திமுனை போன்ற புளிப்பு. கொட்டியதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. தக்கைக் கோளாறால் உண்மையிலேயே கெட்டுப்போன ஒரு சிவப்பு ஒயின் பின்னொரு நாள் கிடைத்தது. நனைந்த அட்டைப்பெட்டி மணம், பழச் சாயலே இல்லை. அதை மண்வாசனை என்று புகழ்ந்து கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

*

கபர்னே சாவினியோன் என்ற சிவப்பு ஒயினைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குடித்துவிட்டு, மரப்பட்டையை மென்றதுபோல் இருக்கிறதென்று ஓராண்டு ஒதுக்கிவைத்தவன் நான். குளிரில் மணம் அடங்கித் துவர்ப்பு தூக்கலாகிவிடும். இப்போது சற்று நேரம் வெளியே வைத்த பிறகே தொடுகிறேன்.

நிறம் பற்றிய பேச்சுக்கு ஒன்று: கபர்னேயின் பெற்றோரில் ஒன்று சாவினியோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை என்று 1997இல் மரபணுச் சோதனையில் தெரியவந்தது. இரண்டிலும் பச்சைக் குடைமிளகாய் மணம் உண்டு. வெள்ளையில் எனக்கு உடனே பிடிபடுகிறது. சிவப்பில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.