ரெடிஸ் மீண்டும் திறமூலம் ஆகிவிட்டது. வால்கீயை விட்டுத் திரும்பலாமா?

கட்டளைவரி:
கொஞ்சம் பின்கதை. ரெடிஸ் என்பது தரவை நினைவகத்தில் வைத்து வேகமாக எடுத்துத் தரும் தரவுத்தளம். 2024 மார்ச் 20 அன்று அதன் நிறுவனம், யாரும் எடுத்து மாற்றிப் பகிர விடுகிற பிஎஸ்டி உரிமத்தைக் கைவிட்டது. அடுத்த பதிப்புகளை ஆர்எஸ்ஏஎல், எஸ்எஸ்பிஎல் இரண்டில் ஒன்றின் கீழ்தான் பயன்படுத்தலாம் என்றார்கள். மூலநிரலைப் பார்க்க முடிந்தாலும், அதைச் சேவையாக விற்பதற்குக் கட்டுப்பாடு இருப்பதால் இரண்டுமே திறமூல உரிமங்கள் அல்ல. எட்டே நாளில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற ஃபோர்க், அதாவது பழைய நிரலிலிருந்து பிரிந்த தனிக்கிளை, வந்தது. எங்கள் குழுவும் அதற்கு மாறிவிட்டது.

2025 மே மாதம் ரெடிஸ் 8 வந்தபோது ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தையும் மூன்றாவது வாய்ப்பாகச் சேர்த்தார்கள். அந்த வகையில் ரெடிஸ் மறுபடி திறமூலம்தான். முன்பு தனி மாட்யூல்களாக இருந்த ஜேசன் தரவுக்கான வசதி, தேடல் எல்லாம் இப்போது ஒரே தொகுப்பில் கிடைப்பதால், திரும்பிப் போகலாம் என்று எங்கள் குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள்.

போகக் கூடாது என்பது என் கருத்து. உரிமத்தை ஒரே நாளில் மாற்றக்கூடிய அதிகாரம் 2024-ல் யார் கையில் இருந்ததோ, இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தரவுக்காரன்:
போகலாம் என்பேன். தவறை உணர்ந்து ஒரு நிறுவனம் திரும்பி வந்திருக்கிறது. நாம் கேட்டது அதைத்தானே? கேட்டதைச் செய்த பிறகும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அடுத்த நிறுவனம் ஏன் திரும்பி வரப்போகிறது?

அவர்கள் ஏன் மாற்றினார்கள் என்பதையும் பாருங்கள். ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்து நிரல் எழுதுகிறது. கிளவுட் நிறுவனம் அதை எடுத்து, தன் சேவையாக மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளின் கதை நினைவிருக்கிறதா? அமேசான் 2015-ல் தொடங்கிய சேவைக்கு அந்தப் பெயரையே வைத்தது. 2019-ல் எலாஸ்டிக் நிறுவனம் வர்த்தக முத்திரை வழக்குப் போட்டது, 2021-ல் உரிமத்தை மாற்றியது. அதற்குப் பிறகுதான் அமேசான் ஓப்பன்சர்ச் என்று சொந்தப் பெயரில் தொடங்கியது. 2024-ல் எலாஸ்டிக்கும் ஏஜிபிஎல்லோடு திரும்பி வந்தது. இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூலக்கிளை:
தரவுக்காரன், எலாஸ்டிக் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அதே கதையை ரெடிஸுக்கும் பொருத்தாதீர்கள். ரெடிஸை உருவாக்கிய சால்வதோரே சான்ஃபிலிப்போ 2020-ல் பொறுப்பிலிருந்து விலகியபோது அமைந்த மையக் குழுவில் அமேசான் ஊழியரும் அலிபாபா ஊழியரும் இருந்தார்கள். நிரல் எழுதினார்கள், மற்றவர்கள் அனுப்பும் திருத்தங்களான பேட்ச்களைச் சரிபார்த்தார்கள். கிளவுட்காரர்கள் எடுத்துக்கொண்டு மட்டும் போனார்கள் என்பது இங்கே உண்மை இல்லை. வெளியிலிருந்து உழைத்தவர்களின் வேலை சேர்ந்துதான் அந்த மென்பொருள் வளர்ந்தது. அந்த வேலையின் மேல்தான் உரிமத்தை மாற்றினார்கள்.

நள்ளிரவு நிரலர்:
நான் ஒரு சின்ன நிரலகத்தைத் தனி ஆளாகப் பராமரிக்கிறேன். நேர மண்டலக் கணக்குப் பார்க்கும் நிரல், பெரிதாக ஒன்றுமில்லை. போன மாதம் ஒரு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: "உங்கள் வழுவால் எங்கள் அறிக்கைகள் தப்பாக வருகின்றன. திங்கட்கிழமைக்குள் சரிசெய்து தர வேண்டும்." கேட்டது வெள்ளி இரவு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து சரிசெய்தேன். சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அந்தக் கோடை நேரம் முடிகிற இரவில் ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும். அதில் இரண்டாவதை என் நிரல் கணக்கில் எடுக்கவில்லை. புதிய பதிப்பை வெளியிட்டேன். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. அப்புறம் அதே ஆட்களிடமிருந்து அடுத்த வழு.

உரிமத்தை மாற்றுகிற நிறுவனங்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. எனக்கும் மாற்றத் தோன்றியிருக்கிறது.

மூலக்கிளை:
நள்ளிரவு நிரலர், அந்த இரண்டு நாளுக்கு உங்களுக்குக் கூலி கிடைத்திருக்க வேண்டும். இதில் மறுபேச்சே இல்லை. ஆனால் எஸ்எஸ்பிஎல் உங்களுக்கு ஒரு காசு கொண்டுவந்திருக்குமா? மிரட்டி மின்னஞ்சல் அனுப்பிய நிறுவனம் உங்கள் நிரலைச் சேவையாக விற்கவில்லை, உள்ளே பயன்படுத்துகிறது. அந்த உரிமம் அவர்களைத் தொடாது. இவ்வகை உரிமங்களால் பலன் பெறுவது, பின்னால் விற்பனைக் குழுவும் வக்கீல்களும் இருக்கிற நிறுவனங்கள்தான். தனி ஆள் பராமரிப்பாளரின் களைப்பைக் காட்டி அவர்கள் தங்கள் முடிவை நியாயப்படுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தக் களைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விஷயத்தில் பார்த்தோம். அது ஒற்றை ஆள் பார்த்துக்கொண்டிருந்த, கோப்புகளின் அளவைச் சுருக்கும் நிரல். "பேட்ச்களைச் சேர்க்க ஏன் இவ்வளவு தாமதம்?" என்று அவரை நச்சரித்தார்கள். உதவுகிறேன் என்று வந்த ஒருவர் இரண்டு ஆண்டுக்கும் மேல் நம்பிக்கை சம்பாதித்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது ரகசியமாக நுழையும் வழி, வைத்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலர் தோண்டிப் பார்த்ததால் பிழைத்தோம். அங்கே தேவைப்பட்டது கூட நின்று பார்க்க இரண்டு ஆட்களும் அவர்களுக்குச் சம்பளமும்.

தரவுக்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! சம்பளம் எங்கிருந்து வரும்? நன்கொடையிலா? ரெடிஸ் நிறுவனத்தில் முழுநேரம் நிரல் எழுதுகிறவர்களுக்கு யாராவது பணம் கொடுத்தாக வேண்டும். ஏஜிபிஎல் அதற்கு நேர்மையான வழி. நிரலை மாற்றி வலை வழியே சேவையாகத் தருபவர், மாற்றிய மூலநிரலைப் பயனருக்குத் தர வேண்டும். அது பிடிக்காத நிறுவனம் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்கிக்கொள்ளட்டும். கட்டற்ற மென்பொருளுக்கு இதைவிட உகந்த உரிமம் எது? வால்கீயின் பிஎஸ்டி உரிமத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பூட்டி விற்கலாம். சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏஜிபிஎல்லை விட்டுவிட்டு பிஎஸ்டிக்கு ஓடுவது எனக்குப் புரியவில்லை.

கட்டளைவரி:
நல்ல கேள்வி. இரண்டு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏஜிபிஎல் நல்ல உரிமம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உரிமக் கோப்போடு சேர்த்து, பங்களிப்பு விதிகள் இருக்கிற கோப்பையும் திறந்து பாருங்கள். ரெடிஸுக்கு நீங்கள் நிரல் கொடுத்தால், அவர்களுடைய பங்களிப்பாளர் ஒப்பந்தத்தை ஏற்றதாக அர்த்தம். உங்கள் நிரலை எந்த உரிமத்திலும் வெளியிடும் உரிமை அவர்களுக்குப் போகிறது. உங்களுக்கும் எனக்கும் ஏஜிபிஎல்லின் கடமைகள் உண்டு. அவர்களுக்கு மட்டும் இல்லை. நாளைக்கே ரெடிஸ் 9 ஏஜிபிஎல் இல்லாமல் வரலாம், சட்டப்படி யாரும் தடுக்க முடியாது.

சர்வர்களை நிரல் மூலம் அமைக்கும் டெராஃபார்ம் மென்பொருளிலும் இதேதான் நடந்தது. எம்பிஎல் என்ற நல்ல திறமூல உரிமம்தான் இருந்தது. ஆனால் பங்களித்தவர்கள் எல்லோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2023 ஆகஸ்டில் அதன் நிறுவனமான ஹாஷிகார்ப், திறமூலம் அல்லாத பிஸினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு அதை மாற்றியது. ஓப்பன்டோஃபு ஃபோர்க் அப்படித்தான் பிறந்தது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை யாராலும் இப்படி மாற்ற முடியாது. அங்கே ஒப்பந்தம் இல்லை, பேட்சின் அடியில் ஒரு கையொப்ப வரி மட்டும்தான். பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கிறது. வால்கீயிலும் அதே கையொப்ப முறைதான், பெயரும் லினக்ஸ் அறக்கட்டளையிடம் இருக்கிறது. யாராவது நிரலை எடுத்துப் பூட்டி விற்கலாம், உண்மைதான். ஆனால் வால்கீயையே பூட்ட முடியாது. எனக்கு அந்த வேறுபாடு பெரிது.

தரவுக்காரன்:
ஒப்பந்தம் பற்றிச் சொன்னது சரி, அதை நான் போதுமான அளவு கவனிக்கவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வால்கீயைத் தாங்குவது அமேசான், கூகுள், ஆரக்கிள் போன்றவர்கள். அவர்களுக்கு ஆர்வம் போனால் என்ன செய்வீர்கள்? அறக்கட்டளையின் பெயரைக் காட்டினால் வழு தானாகச் சரியாகிவிடுமா? ஒரே நிறுவனத்தை நம்புவதற்கும் நாலு நிறுவனத்தை நம்புவதற்கும் நீங்கள் நினைக்கிற அளவு தூரம் இல்லை.

நள்ளிரவு நிரலர்:
நாலு பேரில் ஒருவர் போனால் மூவர் இருப்பார்கள். நான் போனால் என் நிரலகத்தில் யாரும் இல்லை. எனக்கு அந்தத் தூரம் தெரிகிறது.

முல்லை:
நான் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள். தத்துவத்தை நீங்கள் பேசுங்கள். நடைமுறையில் மாட்டிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், மாறுவதற்கு முன் தெரிந்திருப்பது நல்லது.

வால்கீ பிரிந்தது ரெடிஸ் 7.2.4-லிருந்து. அதுவரையுள்ள தரவுக் கோப்பை வால்கீ சிக்கலில்லாமல் திறக்கும். நாங்கள் ஒரு சர்வரை மட்டும் ரெடிஸ் 7.4-க்கு ஏற்றிவிட்டோம். பிறகு அதன் ஆர்டிபி எனும் தரவுக் கோப்பை வால்கீ 8.0-ல் வைத்தபோது, பதிப்பு 12 வடிவத்தைக் கையாள முடியாது என்று ஒரே வரி சொல்லிவிட்டு நின்றுவிட்டது. டம்ப் கட்டளையால் எடுத்து ரீஸ்டோர் கட்டளையால் திரும்ப வைத்தாலும் அதே கதை, அதற்குள்ளும் பதிப்பு எண் இருக்கிறது. கடைசியில் ஒவ்வொரு கீயையும் அதன் தரவையும் படித்து, காலாவதி நேரத்தோடு மறுபடி எழுத ஒரு ஸ்கிரிப்ட் போட்டேன். இரவு பதினொன்றுக்கு ஆரம்பித்து விடிந்துவிட்டது.

கட்டளைவரி, "சும்மா ரெடிஸ் 8-ஐ ஏற்றிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பலாம்" என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

கட்டளைவரி:
நன்றி முல்லை. அப்படிச் சொன்ன ஆள் எங்கள் குழுவில் உண்டு, இதை அனுப்பிவிட்டேன். நாங்கள் வால்கீயிலேயே இருக்கிறோம். தேடல் வசதி மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

நள்ளிரவு நிரலர், உங்கள் நிரலகத்தின் இணைப்பைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். கோடை நேர மாற்றங்களுக்குச் சோதனைகள் எழுதித் தருகிறேன். அந்த ஒரு மணி நேரம் எங்கள் நிரலிலும் ஒரு முறை கடித்திருக்கிறது.

தரவுக்காரன்:
எனக்கும் அனுப்புங்கள். பேட்ச்களைச் சரிபார்க்க வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்னால் தர முடியும். ரெடிஸ் பற்றி என் கருத்தில் மாற்றமில்லை.