கலைச்சொல்: வில்வக் கன்றைப் 'பழக்குதல்'

அன்புள்ள நண்பர்களுக்கு,

வில்வத்தை இழைய வளர்ப்பில் (தாவரத்தின் சிறு துண்டைப் போத்தலுக்குள் ஊட்ட ஊடகத்தில் வளர்த்துக் கன்றாக்கும் முறையில்) பெருக்கும் கையேட்டுக்கு நாம் தொகுக்கும் சொற்பட்டியல் ஏறத்தாழ முடிந்துவிட்டது. இழையம், வளர்ப்பு ஊடகம், ஒட்சின், சைற்றோகைனின் என்னும் தாவர ஓமோன்கள் எல்லாம் நம் இலங்கைப் பாடநூல்களில் நிலைத்த சொற்கள். தமிழக வாசகருக்காக இழையத்துக்குத் 'திசு' என்பதை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். இழுபறி கடைசிப் படியில்தான்: போத்தலுக்குள் வேர்விட்ட கன்றை மண்ணுக்குக் கொண்டுவரும் அந்தச் சில வாரங்களுக்கு (ஆங்கிலத்தில் hardening அல்லது acclimatization) என்ன பெயர்? உங்களில் ஒருவர் எழுதியது:

> 'வன்மையாக்குதல்' தமிழகப் பாடநூலிலேயே இருக்கிறதே, அதையே எடுப்போம்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே நடப்பதைப் பாருங்கள். போத்தலுக்குள் காற்று முழுக்க ஈரம். உணவுக்கு ஊடகத்தில் கரைத்த சீனி. அதில் வளர்ந்த இலைக்கு மெழுகுப் படலம் மெல்லியது, இலைவாய்களும் (இலையின் நுண்துளைகள்) சரியாக மூடா. அப்படியே எடுத்துக் கொழும்பு வெயிலில் வைத்தால் துவண்டுவிடும். ஈரப்பதனைப் படிப்படியாகக் குறைத்து, நிழலை மெல்ல விலக்கினால், புதிதாக வரும் இலைகள் தடித்த படலத்தோடு வருகின்றன, இலைவாய்களும் வேளைக்கு மூடுகின்றன. கன்று தனக்கு வேண்டிய சீனியைத் தானே ஆக்கத் தொடங்குகிறது. 'வன்மை' இதில் எதையும் சொல்லவில்லை. நம் மாணவர்களுக்கு அது நீரின் வன்மையைத்தான் நினைவூட்டும்.

இதே படிக்கு 'இசைவாக்கம்' என்று எழுதிய மற்றொரு நண்பருக்கும் ஒரு சொல்: உயிரியலில் அது தலைமுறைகளாக ஓர் இனத்தில் நிகழும் மாற்றம். இது ஒரே கன்றில், சில வாரங்களில்.

என் முன்மொழிவு 'பழக்குதல்'. கன்று வளர்ப்பவர் 'வெயிலுக்குப் பழக்கு' என்று சொல்வதும் அதுதான். 'பழக்கல்' என்று சுருக்க வேண்டாம். பழமரக் கையேட்டில் பழத்தின் கல் என்று படிப்பார்கள். கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: பழகுகாலம், பழக்குகூடு, பழகிய கன்று.

இவ்வளவு மன்றாடுவதற்குக் காரணம் உண்டு. வில்வ விதையில் முளைத்த கன்று தாய்மரத்தின் பழத்தையே தரும் என்று நம்ப முடியாது. நல்ல மரத்தின் கணுத்துண்டிலிருந்து பெருக்கினால் அந்தக் குணம் மாறாது. கணுவைக் கிருமிநீக்குவதும், 1962இல் முராசிகி, ஸ்கூக் என்னும் தாவர ஆய்வாளர்கள் வகுத்த ஊடகத்தில் தளிர்க்கவைப்பதும் ஆய்கூடத்தார் வேலை. பழக்குதலோ பல இடங்களில் கன்றை வாங்குபவர் கையில் போய் விழுகிறது. கன்றுகள் அதிகம் சாகக்கூடிய படியும் இதுவே. அவருக்குச் சொல்லைக் கேட்டதுமே செய்யவேண்டியது விளங்க வேண்டும்.

மலையக நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தேயிலை நாற்றுமேடையில் நடுகைக்கு முன் நிழலைப் படிப்படியாக விலக்குவார்கள் அல்லவா? அந்த வேலைக்குத் தொழிலாளர் வாயில் வழங்கும் சொல் என்ன? 'பழக்குதல்' அதற்கு ஈடாகாது என்றால் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து