பிழைக்க வைக்க முடியாத நாள்கள்

குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்து ஓரமாக ஒரு வீடு. காலையில் போன் வந்தது. "டாக்டரே, பசு விழுந்து கிடக்கு, மூச்சு வாங்குது." முந்தின நாள் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) பிடுங்கிவிட்டு இலையைக் குவித்துப் போட்டிருந்தார்கள். கயிறு அவிழ்ந்த பசு அதைத் தின்றுவிட்டது. அந்த இலை வயிற்றுக்குள் போனால் சயனைடு விஷமாகும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. நான் போய்ச் சேரும்போதே கால் உதைத்துக்கொண்டிருந்தது. சோடியம் நைட்ரைட், அப்புறம் தயோசல்பேட் என்று நரம்பில் ஏற்றினேன். இரண்டாவது மருந்து பாதி இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது.

பசுவுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. அதனால் காப்பாற்ற முடியாத அதே பசுவை நானே அறுத்துப் பார்த்து, காதில் மாட்டியிருக்கும் அடையாள வில்லையின் எண்ணைக் குறித்து, சான்றிதழ் எழுத வேண்டும். ரத்தம் செக்கச்செவேலென்று இருந்தது. பசுவை வளர்த்த அம்மா தொழுவத்துத் தூணைப் பிடித்தபடி நின்றார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த நேரத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பிவிடுவேன். பத்து நிமிடம் முன்னால் போயிருந்தால் என்று ராத்திரி முழுக்க மனசு அடித்துக்கொள்ளும். இப்போது உட்கார்ந்துவிடுகிறேன். என்ன மருந்து போட்டேன், அது ஏன் பலிக்கவில்லை என்று பொறுமையாகச் சொல்கிறேன். அன்றும் சொன்னேன். அவர் உள்ளே போய் டம்ளரோடு வந்தார். "பால் இல்ல, கட்டன் சாயாதான் டாக்டரே." வாங்கிக் குடித்தேன்.

*

நான் இன்னொரு டாக்டர். நாகர்கோவிலில் நாய், பூனைக்கு வைத்தியம் பார்க்கிறேன். எங்களுக்குச் சில நாள் சாவை நாங்களே கொடுக்க வேண்டிவரும். முதலில் மயக்க ஊசி, அப்புறம்தான் கடைசி ஊசி. கண் மூடாது, இதயம் நின்ற பிறகும் ஒரு மூச்சு இழுக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்ட ஒருநாள், அந்த வீட்டுப் பையன் "உயிர் இருக்கு டாக்டர், உயிர் இருக்கு" என்று கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. வெளியே தடுப்பூசிக்கு ஒரு குட்டி காத்திருக்கும். முகம் கழுவாமல் அடுத்தவரைக் கூப்பிட மாட்டேன். ஒரே நாளில் இரண்டு வந்தால், இரண்டாவதைத் தோழியிடம் அனுப்பிவிடுவேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

*

நான் டாக்டர் இல்லை. தோவாளையில் பசு வளர்க்கிறேன். மாட்டுக்குத் தோலெல்லாம் கட்டி கட்டியாக வரும் தோல் கழலை நோயில் எங்கள் கன்று கிடந்தபோது டாக்டர் நாலு நாள் தொடர்ந்து வந்தார். ஐந்தாம் நாள் கன்று இல்லை என்றதும், மருந்துப் பையைக் கீழே வைக்காமலேயே தாய்ப்பசு பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். இவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.