கோயில் வளைவு விளக்கு: கேட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

லயத்துப் பெண்:
நேற்று தாமான் ராஜா இங்கே எழுதியதற்குத்தான் இந்தப் பதில். முனியாண்டி கோயில் பக்கத்துச் சாலை வளைவில் விளக்கு எரியாமல் கிடப்பது ஊருக்கே தெரியும். அதற்கு அவர் சொன்ன காரணம்: "லயத்துக்காரர்கள் மதிப்பீட்டு வரி கட்டுவதில்லை. வரி கட்டாத இடத்துக்கு நகராண்மைக் கழகம் ஏன் விளக்குப் போட வேண்டும்?"

ஐயா, தோட்டத் தொழிலாளிக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீடு எங்கள் பெயரில் இல்லை. கம்பெனி பெயரில் இருக்கிறது. வரி பில் சொந்தக்காரருக்குத்தான் போகும். என் அம்மா பால் வெட்டி, ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கி, இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு எந்தக் காலத்திலும் பில் வந்ததில்லை. வராத பில்லை எந்தக் கவுண்டரில் கொண்டுபோய்க் கட்டுவது?

இன்னொன்று. அந்த விளக்குக் கம்பம், முன்பு இருந்த தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நிற்கிறது. அப்படியென்றால் அது தோட்டத்துச் சாலையே இல்லை, பொதுச் சாலை. ராத்திரியில் பழ லோரி எதிரே வந்தால் கால்வாய் எது, சாலை எது என்று தெரிவதில்லை. டியூஷன் முடிந்து வந்த பையன் ஒருவன் சைக்கிளோடு உள்ளே விழுந்து முட்டியில் தையல் போட்டிருக்கிறான். வரி வரி என்று எழுதுகிறவர்கள் ஒரு தடவை அந்த வழியாக நடந்து பார்க்கட்டும்.

தாமான் ராஜா:
பொதுவாகச் சொன்னதை யாரோ தனக்கென்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது? பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்டு கடைசிக்குள் ஒன்று, வருஷத்துக்கு இரண்டு தடவை ஒழுங்காகக் கட்டுகிறேன். என் வீட்டு வாசலில் விளக்கு எரிகிறது. கணக்கு அவ்வளவுதான்.

பழைய கிராணி:
வரிக்கு அப்புறம் வருகிறேன். "கம்பம் கேட்டுக்கு வெளியே" என்று இந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது? கேட் மாமரத்துக்கு அந்தப் பக்கம், டவுனைப் பார்த்து இருந்தது. கம்பம் மாமரத்துக்கு இந்தப் பக்கம், லயத்தைப் பார்த்து நிற்கிறது. ஆகவே கம்பம் கேட்டுக்கு உள்ளே. நான் அந்தத் தோட்டத்து ஆபிசில் எழுத்து வேலை பார்த்தவன். என் அப்பாவும் அங்கேயே கிராணி. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட குடும்பத்துக்குக் கேட் இருந்த இடம் தெரியாதா?

லோரி மணியம்:
கிராணி ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் ஆபிசில் பேனா பிடித்தீர்கள், நான் அந்த வளைவில் லோரி திருப்பினேன். கேட் லயத்துப் பக்கம்தான் இருந்தது. நீங்கள் சொல்கிற இடத்தில் இருந்திருந்தால் மரத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் லோரி திரும்பியே இருக்காது. முழங்கால் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் தூண் அடி இன்னும் அங்கே கிடக்கிறது. லாலான் புல் மூடிவிட்டது. பாராங் கத்தியை எடுத்து வெட்டிவிட்டுப் பாருங்கள், கொண்டி மாட்டிய இரும்பு துருவேறி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கேட் தூண்.

பழைய கிராணி:
அது கேட் தூண் இல்லை. பால் ஸ்டோர் தூண். பால் வாளியைத் தொங்கவிட்டு நிறுக்கிற தராசுக் கொக்கிதான் அந்த இரும்பு.

கேட் எப்படி வந்தது என்று தெரிந்தால் எங்கே இருந்தது என்பதும் தெரியும். 1948 ஜூன் 16-ம் தேதி சுங்கை சிப்புட் பக்கம் இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். ஒன்று எல்பில் தோட்டம். அதோடு மலாயாவில் அவசரகாலம் வந்தது. 1950-ல் பிரிக்ஸ் என்ற ஜெனரல் வந்து திட்டம் போட்டார். காட்டோரச் சீனர்களைப் புதுக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். சிதறிக் கிடந்த தோட்டத்து லயங்களையும் ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி கட்டினார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாதென்று, பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். அந்த வேலிக்கு வைத்த கேட் இது. வேலி கோயிலையும் சேர்த்துச் சுற்றி வந்தது. கோயில் உள்ளே என்றால் கோயில் வளைவுக் கம்பமும் உள்ளேதான். சரித்திரம் தெரியாமல் லோரியை வைத்துப் பேசக் கூடாது.

லோரி மணியம்:
ஐயா எந்த வருஷம் பிறந்தீர்கள்?

பழைய கிராணி:
1955. அதற்கென்ன?

லோரி மணியம்:
ஒன்றுமில்லை. அவசரகாலம் முடிந்தது 1960-ல். ஐந்து வயதில் வேலியை அளந்த பிள்ளை உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். 😄

பழைய கிராணி:
அவசரகாலம் முடிந்த மறுநாளே கேட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்களா? அப்புறமும் பல வருஷம் இருந்தது. காவலுக்கு நின்ற ஜாகாவுக்குப் பக்கத்தில் ஒரு குடில் இருந்தது, மழைக்கு நாங்கள் ஒதுங்குவோம். அந்தக் குடிலிலிருந்து பார்த்தால் மாமரம் இடது கைப் பக்கம். ஆக கேட் டவுன் பக்கம்.

லயத்துப் பெண்:
டவுனைப் பார்த்து நின்றால் இடதா, லயத்தைப் பார்த்து நின்றால் இடதா?

பழைய கிராணி:
குடிலுக்குள் நின்றால் இடது. தமிழில்தானே எழுதுகிறேன்?

கிள்ளான் குமார்:
எல்லோருக்கும் வணக்கம். நானும் அந்த லயத்தில் பிறந்தவன். கேட் எங்கே இருந்தாலும் இதில் ஒரு பயனும் இல்லை. 1974-ம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இருக்கிறது. தனியார் சாலையைக் கழகம் முறைப்படி பொதுச் சாலையாக ஏற்றுக்கொண்டால்தான் பராமரிப்புப் பொறுப்பு அதற்கு வரும். அப்புறம் மாரிஸ் என்று ஒரு சாலைப் பதிவேடு. அந்தப் பதிவில் இல்லாத சாலைக்கு மத்திய அரசின் பராமரிப்பு மானியம் வராது. நில அலுவலகத்தில் எல்லைப் படமும், கழகத்தில் மாரிஸ் பதிவும் கேட்டால் முடிந்தது. எழுபது வருஷத்துக்கு முந்தைய கேட்டை எதற்குத் தோண்டுகிறீர்கள்?

பழைய கிராணி:
வாங்க தம்பி. தைப்பூசத்துக்கு வந்தாலும் கார் கண்ணாடியை இறக்காமல் போகிற ஆளுக்கு இன்றைக்குத்தான் ஊர் ஞாபகம் வந்திருக்கிறது. எல்லைப் படம் எதை வைத்து வரைந்தது என்று நினைக்கிறீர்கள்? வேலியை வைத்து. வேலி எதோடு முடிகிறது? கேட்டோடு. கடைசியில் என் கேட்டுக்குத்தான் வந்து நிற்கிறீர்கள்.

கிள்ளான் குமார்:
எல்லைக் கல்லை வைத்து வரைவார்கள் ஐயா. வேலியை வைத்து இல்லை.

பழைய கிராணி:
கல்லை நட்ட சர்வேயருக்கு டீ போட்டுக் கொடுத்தது எங்கள் வீட்டில்.

இளவட்டம் 98:
ஒரு கேள்வி. விளக்குக் கம்பத்தில் எண் எழுதியிருக்குமே, யாராவது பார்த்தீர்களா? புகார் செய்யக் கூப்பிட்டால் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். எண்ணைச் சொன்னால் கம்பம் யாருடையது என்று அவர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நான் இப்போது ஷா ஆலமில் வேலையில் இருக்கிறேன், இல்லாவிட்டால் நானே போய்ப் பார்த்திருப்பேன்.

தாமான் ராஜா:
எண் இருந்தாலும் வரி வரிதான்.

லயத்துப் பெண்:
மறுபடியும் வரியா? சரி, சட்டமே பேசலாம். தோட்ட முதலாளி தொழிலாளிக்குக் கொடுக்கிற வீட்டில் தண்ணீர், மின்சாரம் எல்லாம் இருக்க வேண்டுமென்று 1990-ல் சட்டம் வந்திருக்கிறது, 446-ம் சட்டம். வீட்டுக்குள் எரிகிற விளக்குக்கு அவர்கள் பொறுப்பு. சாலையில் எரிகிற விளக்குக்கு? கம்பெனியைக் கேட்டால் கழகம் என்கிறது. கழகத்தைக் கேட்டால் கம்பெனி என்கிறது. நடுவில் பிள்ளைகள் கால்வாயில் விழுகிறார்கள்.

பழைய கிராணி:
பார்த்தீர்களா, தன் வாயாலேயே கம்பெனிப் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். கம்பெனிப் பொறுப்பு என்றால் கம்பம் கேட்டுக்கு உள்ளே. நான் முதலிலிருந்தே அதைத்தான் சொல்கிறேன்.

லயத்துப் பெண்:
நான் எங்கே அப்படிச் சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள்.

டீச்சரம்மா:
கேட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் கோயில் வளைவு என்று வந்துவிட்டதால் கேட்கிறேன். போன திருவிழாவில் "வளைவில் நிரந்தரமாக இரண்டு விளக்கு" என்று மைக்கில் அறிவித்து நன்கொடை வாங்கினார்களே, அந்தப் பணம் எங்கே? நான் ஐம்பது வெள்ளி கொடுத்தேன். ரசீது இன்னும் என் பையில் இருக்கிறது.

லோரி மணியம்:
டீச்சர், அது சாமி ஊர்வலத்துக்கு ஜெனரேட்டர் வாடகையாகப் போய்விட்டது. பொருளாளர் யாருடைய மச்சான் என்று கிராணி ஐயாவைக் கேளுங்கள்.

பழைய கிராணி:
என் மச்சான்தான். கணக்கு எழுதி ஆபிஸ் பலகையில் ஒட்டியிருக்கிறான். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கலாம். கோயில் மண்டபத்துக்கு ஓடு ஏற்றிக் கொண்டுவந்துவிட்டு இரட்டை வாடகை கேட்டது எந்த லோரிக்காரர் என்பதையும் நான் எழுதவா?

லோரி மணியம்:
எழுதுங்கள். டோல், டீசல் ரசீதெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். இரண்டு நடை போனால் இரண்டு வாடகை. அதற்குப் பெயர் இரட்டை வாடகை இல்லை, கணக்கு. கிராணிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டீச்சரம்மா:
என் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.

தாமான் ராஜா:
இதற்கெல்லாம் கவுன்சிலர் எதற்கு இருக்கிறார்? படம் எடுக்க மட்டும் வருகிறாரா?

கிள்ளான் குமார்:
கவுன்சிலரை நீங்களா தேர்ந்தெடுத்தீர்கள், அவர் உங்களுக்குப் பயப்பட? மாநில அரசு நியமிக்கிறது. ஊராட்சித் தேர்தலை 1965-ல் நிறுத்திவைத்தார்கள். ஊராட்சி மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் போட்டார்கள். தேர்தலைத் திரும்ப நடத்தத்தான் வேண்டும் என்று அவர் 1968-ல் அறிக்கை கொடுத்தார். கேட்கவில்லை. 1976-ல் ஊராட்சிச் சட்டம் கொண்டுவந்து தேர்தலையே எடுத்துவிட்டார்கள். தேர்தல் இருந்திருந்தால் இந்த ஒரு பல்புக்கு மூன்று வேட்பாளர்கள் ஏணியோடு வந்து நின்றிருப்பார்கள்.

தாமான் ராஜா:
அரசியல் வேண்டாம். நான் கேட்டது வெறும் விளக்கு.

பழைய கிராணி:
ஆதி நாகப்பன் எல்லாம் பெரிய மனிதர். அவர் பெயரை இங்கே இழுக்காதீர்கள். அவர் இருந்திருந்தாலும் கேட் மாமரத்துக்கு அந்தப் பக்கம் என்றுதான் அறிக்கை எழுதியிருப்பார்.

இளவட்டம் 98:
கம்பத்து எண்?

லோரி மணியம்:
தம்பி, எண் இருக்கட்டும். நேற்று சாயங்காலம் நானே போய் லாலானை வெட்டினேன். தூண் அப்படியே இருக்கிறது. கொண்டி இரண்டு: மேலே ஒன்று, கீழே ஒன்று. தராசு தொங்கவிட இரண்டு கொக்கி எதற்கு? படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

பழைய கிராணி:
படம் பார்த்தேன். மேலே ஒரு தராசு, கீழே ஒரு தராசு. பாலுக்கு ஒன்று, ஒட்டுப்பாலுக்கு ஒன்று. தோட்ட வேலை செய்தவனுக்குத் தெரியும்.

லோரி மணியம்:
ஒட்டுப்பாலைத் தரையில் படுத்துக்கொண்டா நிறுத்தார்கள்? கீழ்க் கொண்டி கணுக்கால் உயரத்தில் இருக்கிறது.

பழைய கிராணி:
மண் ஏறிவிட்டது. எழுபது வருஷ மழையில் மண் ஏறாதா? சாலையையும் மேலே மேலே தார் போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். என் அப்பா காலத்தில் அந்தத் தூண் ஆள் உயரம்.

லயத்துப் பெண்:
தார் போட்டு உயர்த்தினார்களா? யார் போட்டார்கள் ஐயா? கம்பெனியா, கழகமா?

லோரி மணியம்:
ஆஹா! பதில் சொல்லுங்கள் ஐயா.

பழைய கிராணி:
தார் போட்டது யார் என்பது இங்கே பேச்சே இல்லை. பேச்சு கேட்டைப் பற்றி. பேச்சை மாற்றுவதுதான் உங்கள் எல்லோருக்கும் வேலை. கேட் டவுன் பக்கம் இருந்தது. பத்துப் பேர் வந்து சொன்னாலும் டவுன் பக்கம்தான்.

கிள்ளான் குமார்:
தார் போட்டது கழகம் என்றால் சாலை மாரிஸ் பதிவில் இருக்க வாய்ப்பு உண்டு. யாராவது ஒருவர் போய்க் கேட்டால் போதும்.

பழைய கிராணி:
நீங்களே வந்து கேளுங்கள் தம்பி. கிள்ளானிலிருந்து வர நெடுஞ்சாலை இருக்கிறது.

டீச்சரம்மா:
ஐம்பது வெள்ளி.

லோரி மணியம்:
கடைசியாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் மாமரத்தடிக்கு வாருங்கள். மரத்திலிருந்து தூணுக்கு எத்தனை அடி, தூணிலிருந்து கம்பத்துக்கு எத்தனை அடி, ஊர் முன்னால் அளந்துவிடுவோம். கிராணி ஐயா, உங்கள் வீட்டில் அந்த நீளமான சர்வே டேப் இருக்குமே, எடுத்து வாருங்கள்.

பழைய கிராணி:
அந்த டேப்பை மண்டபக் கட்டட வேலைக்கென்று வாங்கிக்கொண்டு போனது உங்கள் அண்ணன். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. முதலில் அதைக் கொண்டுவந்து வையுங்கள், அப்புறம் அளக்கலாம்.

லோரி மணியம்:
அண்ணன் அன்றைக்கே உங்கள் மச்சானிடம் கொடுத்துவிட்டார். பொருளாளரைக் கேளுங்கள்.